மாறாத பெட்டியும் மாறிய சில்லும்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அப்பொருள் பெயர் மாறிய ஆண்டுகளையே பெரும்பாலும் எல்லைக்கற்களாக நட்டுச் செல்வர். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடப்படும் இலத்திரனியல் விளையாட்டுப் பொறிகளின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வருகின்றது. 1994இல் பிளேஸ்டேஷன், 2000இல் பிளேஸ்டேஷன் 2, 2001இல் எக்ஸ்பொக்ஸ், 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360, 2006இல் பிளேஸ்டேஷன் 3 எனத் தலைமுறைகளை வரிசைப்படுத்திக் கூறுவர். ஆயின், ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளிலே, பெயர் மாறாதிருக்கவே அப்பெட்டிகளின் உள்ளே நிகழ்ந்த மாற்றங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. விளையாட்டுப் பொறி வசதி படைத்தோரின் வரவேற்பறையைக் கடந்து சாதாரண குடும்பங்களின் இல்லங்களை அடைந்தமைக்கு அம்மாற்றங்களே பெருங்காரணமாயின. நேயர்களே, அவற்றின் வரலாற்றையும், அவை அண்மைக் காலத்தில் வலுவிழந்தமையையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதற்கண், சில்லு உருவாகும் முறையை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். தூய சிலிக்கன் படிகத்தை அப்பளம்போன்ற மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்தெடுப்பர். அத்தகட்டின்மீது ஒளியின் துணைகொண்டு மின்சுற்றுக்களை அடுக்கடுக்காகப் பதிப்பர். பதித்து முடிந்த தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்ட, ஒவ்வொரு துண்டும் ஒரு சில்லாகின்றது. மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் கணிப்பை நிகழ்த்தும் திரான்சிற்றர்கள் ஒரு சில்லிலே கோடிக்கணக்கில் அமைந்துள்ளன. இச்சுற்றுக்களின் நுண்மையை நானோமீற்றர் என்னும் அளவினாற் குறிப்பது வழக்கம். ஒரு மீற்றரை நூறு கோடி கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நானோமீற்றர் ஆகும்.

இனி, செலவுக் கணக்கை நோக்குவோம். ஒரே உற்பத்தி முறையில் ஒரு தகட்டைப் பதித்து முடிக்க ஆகும் செலவு, அதிலிருந்து பத்துச் சில்லுகள் கிடைத்தாலும் நூறு சில்லுகள் கிடைத்தாலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே, சில்லு சிறுத்தால் ஒவ்வொன்றின் விலையும் குறையும். சுற்றின் நீளத்தையும் அகலத்தையும் பத்தில் ஏழு பங்காகக் குறைத்தால், அதன் பரப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு தகட்டில் முன்னர் கிடைத்ததைப்போல் இருமடங்கு சில்லுகள் கிடைக்கும். இலாபம் இதனோடு முடிவதில்லை. நெய்த துணியில் ஆங்காங்கே சில ஓட்டைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அத்துணியிற் பெரிய போர்வைகளை வெட்டினால் அவற்றுட் பல பழுதுபடும். கைக்குட்டைகளை வெட்டினாலோ மிகச் சிலவே பழுதுபடும். சிலிக்கன் தகட்டிலும் தூசியாலும் பிற குறைகளாலும் நேரும் வடுக்கள் இத்தகையன. சில்லு சிறியதாக ஆகப் பழுதின்றிக் கிடைப்பனவற்றின் விகிதமும் உயர்கின்றது.

ஒரு சில்லில் அமையும் உறுப்புக்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகிச் செல்லும் என்பதை 1965ஆம் ஆண்டிலே கோர்டன் மூர் என்பவர் எடுத்துரைத்தார். அடுத்து, 1974ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டெனார்டும் அவருடைய துணைவரும், திரான்சிற்றரைச் சுருக்கும் அதே விகிதத்தில் அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம் என்றும், அவ்வாறு செய்யின் ஒரே பரப்பில் இருமடங்கு திரான்சிற்றர்களை அமைத்தாலும் வெப்பம் மிகாதென்றும் நிறுவினர். சுருங்கிய சில்லு மலிவானது மட்டுமன்றிக் குளிர்ச்சியானதும் ஆயிற்று. முப்பது ஆண்டுகளாகக் கணினித் தொழில் முழுவதும் இவ்விரு கருத்துக்களையும் தூண்களாகக் கொண்டு நின்றது.

கணினி செய்வோர் இவ்வாதாயத்தை வேகமாக மாற்றி விற்றனர். ஆண்டுதோறும் வேகம் கூடிய புதிய கணினி சந்தைக்கு வந்தது. விளையாட்டுப் பொறி செய்வோருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. ஒரு பொறிக்கென எழுதப்படும் விளையாட்டு, முதல் நாளில் விற்ற பொறியிலும் ஏழாம் ஆண்டில் விற்ற பொறியிலும் ஒரே வகையாக இயங்குதல் வேண்டும். நிரலாளர் அப்பொறியின் வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டே தம் விளையாட்டுக்களை அமைக்கின்றனர். ஆதலால், பொறி தன் வாழ்நாள் முழுவதும் வெளித் தொழிற்பாட்டில் மாறாதிருக்க, உள்ளே மட்டும் மாறிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. சில்லுச் சுருக்கத்தால் வந்த ஆதாயம் யாவும் விலைக் குறைப்பாகவும், வெப்பக் குறைப்பாகவும், பெட்டியின் மெலிவாகவும் வெளிப்பட்டது. தொடக்கத்திலே நட்டத்துக்கு விற்றாலும் பின்னர் உற்பத்திச் செலவு இறங்கும் என்னும் நம்பிக்கையுடன் வணிகர் இத்தொழிலில் இறங்கியமைக்கும் இதுவே அடிப்படை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிளேஸ்டேஷன் 2. சோனி நிறுவனம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் யப்பானில் இதனை 39,800 யென் விலைக்கு வெளியிட்டது. அதன் உள்ளே இரு பெருஞ் சில்லுகள் இருந்தன. கணிப்பை நிகழ்த்தும் இமோஷன் என்ஜின் 240 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது. படத்தைத் தீட்டும் கிராபிக்ஸ் சிந்தசைசர் 279 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது. இரண்டும் 250 நானோமீற்றர் முறையிற் செய்யப்பட்டன. வீட்டில் வைத்து விளையாடும் ஒரு பொருளுக்கு அவை அக்காலத்தில் வியப்பூட்டும் அளவிற் பெரியனவாகும்.

பின்வந்த மூன்று ஆண்டுகளில் அச்சில்லுகள் படிப்படியாகச் சுருங்கின. 2003இல் சோனியும் தோஷிபாவும் இரண்டையும் ஒன்றாக்கி, 90 நானோமீற்றர் முறையில் ஒரே சில்லாகச் செய்தன. அதில் 5 கோடியே 35 இலட்சம் திரான்சிற்றர்கள் இருந்தன. பரப்போ 86 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. முன்னர் இரு சில்லுகளும் சேர்ந்து 519 சதுர மில்லிமீற்றர் இடத்தைப் பிடித்திருந்தன. அதாவது, அதே வேலையைச் செய்யும் சுற்று ஆறில் ஒரு பங்காகிவிட்டது. இச்சில்லைக் கொண்டு 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 2 வெறும் 2.8 சென்ரிமீற்றர் தடிப்புடையது. முதற்பொறியின் தடிப்பு 7.8 சென்ரிமீற்றர். மெலிந்த பொறிக்கு மின்வழங்கி முதலில் வெளியே தனிக்கட்டியாக இணைக்கப்பட்டிருந்தது. 2007இல் வந்த மாதிரியில் அதுவும் பெட்டிக்குள்ளேயே அடங்கிற்று.

விலையும் உடன் இறங்கிற்று. அமெரிக்காவில் 2000இல் 299 டொலருக்கு விற்ற பொறி, 2002இல் 199 டொலருக்கும், 2004இல் 149 டொலருக்கும், 2009இல் 99 டொலருக்கும் விற்றது. பெயர் ஒன்று, விளையாட்டுக்கள் ஒன்று, விலையோ மூன்றில் ஒரு பங்கு. 15 கோடிக்கு மேற்பட்ட பிளேஸ்டேஷன் 2 பொறிகள் விற்பனையானமைக்கு விளையாட்டுக்களின் சிறப்போடு இவ்விலை இறக்கமும் காரணமாகும். பெட்டியின் அடிப்புறத்து ஒட்டுச்சீட்டில் 10000 முதல் 90000 வரை ஏறிச் சென்ற மாதிரி எண்களே இம்மாற்றங்களுக்கு எஞ்சி நிற்கும் சான்றாகும்.

சில்லின் வடிவமைப்பு எவர் கையில் இருக்கின்றது என்பது எத்துணை முக்கியமானது என்பதை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இழப்பின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. 2001ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் வெளிவந்த அதன் முதல் எக்ஸ்பொக்ஸ், இன்டெல், என்விடியா ஆகிய நிறுவனங்களின் சில்லுகளை விலைக்கு வாங்கிப் பொருத்தியது. வடிவமைப்பு தன்னுடையதன்று ஆகையால், அவற்றைத் தான் விரும்பியபோது சுருக்கவும், இரண்டையும் ஒன்றாக்கவும், வேறு தொழிற்சாலையிற் செய்விக்கவும் அந்நிறுவனத்துக்கு இயலவில்லை. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் சோனி விலையைக் குறைத்தபோது மைக்ரோசொஃப்டும் உடனே குறைக்க நேர்ந்தது. ஆயின் சோனிக்குச் செலவு இறங்கிய அளவுக்கு அதற்கு இறங்கவில்லை. சில்லின் விலை பற்றி என்விடியாவோடு எழுந்த பிணக்கு நடுவர் முன் சென்று, 2003இலேயே இணக்கம் கண்டது. முதல் எக்ஸ்பொக்ஸுக்கு மெலிந்த மறுபதிப்பு ஒன்று வரவேயில்லை. நான்கே ஆண்டுகளில் அடுத்த பொறி அதன் இடத்தைப் பிடித்தது.

அடுத்த பொறியாகிய எக்ஸ்பொக்ஸ் 360இன் சில்லுகளை ஐ.பி.எம்., ஏ.ரி.ஐ. ஆகிய நிறுவனங்கள் வடிவமைத்துக் கொடுக்க, அவற்றைத் தானே செய்விக்கும் உரிமையை மைக்ரோசொஃப்ட் பெற்றுக்கொண்டது. முதல் வழு திருத்தப்பட்டது. ஆயின் வேறொரு துன்பம் காத்திருந்தது. 90 நானோமீற்றர் அளவை எட்டிய காலத்தில் டெனார்ட் வகுத்த விதி தளரத் தொடங்கியிருந்தது. திரான்சிற்றர்கள் மிக நுண்ணியனவாகியமையால், அடைத்த நிலையிலும் அவற்றினூடாக மின் கசிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தலும் அரிதாயிற்று. 2005இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் 360உம் 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3உம் இத்தகைய காலத்திற் பிறந்த வெப்பம் மிகுந்த பொறிகள். முன்னதற்கு 203 வாற்று மின்வழங்கியும், பின்னதற்கு 380 வாற்று மின்வழங்கியும் பொருத்தப்பட்டிருந்தன.

விளையாடும்போது சில்லு சூடேறி விரிவதும், நிறுத்தியபின் ஆறிச் சுருங்குவதும் நாள்தோறும் நிகழ்ந்தன. இவ்விரிதலையும் சுருங்குதலையும் தாங்கமாட்டாது, சில்லுக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையேயுள்ள பற்றாசு இணைப்புக்கள் எக்ஸ்பொக்ஸ் 360இல் வெடித்தன. பொறியின் முகப்பில் செந்நிற விளக்குகள் ஒளிர, அது செயலற்றுப் போயிற்று. 2007ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மைக்ரோசொஃப்ட் இப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதன்பொருட்டு 105 கோடி முதல் 115 கோடி டொலர் வரையிலான செலவைக் கணக்கில் ஏற்றுக்கொள்வதாகவும் அறிவித்தது. வாங்கியோர் பொறிகளைப் பொதிசெய்து திருப்பி அனுப்பிப் பல நாட்கள் காத்திருந்தனர்.

இதற்குத் தீர்வு பெருமளவிற் சில்லின் சுருக்கத்தினாலேயே வந்தது. 2007இல் கணிப்புச் சில்லு 65 நானோமீற்றருக்கு இறங்கியது. 2008இல் படம் தீட்டும் சில்லும் அவ்வாறே இறங்கியது. மின்வழங்கி 175 வாற்றாகவும், பின்னர் 150 வாற்றாகவும் குறைந்தது. 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வந்த மெலிந்த எக்ஸ்பொக்ஸ் 360இல் இரு சில்லுகளும் 45 நானோமீற்றர் முறையில் ஒன்றாயின. மின்வழங்கி 135 வாற்றாயிற்று. 2005ஆம் ஆண்டுச் சில்லுகளோடு ஒப்பிட, மின்செலவு 60 விழுக்காட்டுக்கு மேற் குறைந்தது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் குறிப்பிடுதல் தகும். முன்னர் இரு சில்லுகளும் தாய்ப்பலகையில் விலகியிருந்து, இடையேயுள்ள கம்பித் தடங்களினூடாகச் செய்தி பரிமாறின. ஒரே சில்லுக்குள் வந்தபின் அச்செய்தி மிக விரைவாகச் சென்றிருக்கக் கூடும். ஆயின், பழைய பொறியிலும் புதிய பொறியிலும் விளையாட்டு ஒரே வகையாக இயங்க வேண்டுமே! ஆகவே, பழைய தடத்தின் தாமதத்தை அப்படியே போலச்செய்யும் ஒரு தனிச் சுற்றைப் பொறியியலாளர் சில்லுக்குள்ளே வேண்டுமென்றே அமைத்தனர். விரைந்தோடக் கூடியதை மெதுவாக நடக்கச் செய்தற்கும் அறிவும் உழைப்பும் வேண்டியிருந்தன. மாறாதிருத்தல் என்னும் கடப்பாடு இத்தொழிலில் எத்துணை வலியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பிளேஸ்டேஷன் 3இன் கதையோ தொழிற்சாலைகளின் தலைவிதியையும் உடன் கூறுவது. 60 கிகாபைற்று மாதிரியின் உற்பத்திச் செலவை ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம் 2006இல் சுமார் 840 டொலர் என மதிப்பிட்டது. சோனி அதனை 599 டொலருக்கு விற்றது. பழைய விளையாட்டுக்கள் இயங்குவதற்காகப் பிளேஸ்டேஷன் 2இன் சுருங்கிய சில்லும் முதற்பொறிகளின் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் ஒரு பொறியின் முழு உள்ளமாக இருந்தது, ஆறாண்டுகளில் மற்றொரு பொறியின் மூலையில் ஒதுங்கும் சிற்றுறுப்பாயிற்று. ஆயின் அதனை வைத்திருத்தலும் செலவே. பின்வந்த மாதிரிகளில் அது நீக்கப்பட்டது. சிக்கனத்தின்பொருட்டு ஒரு பயன் மறைந்தது.

இப்பொறியின் செல் என்னும் கணிப்புச் சில்லு, 90 நானோமீற்றரில் ஏறத்தாழ 235 சதுர மில்லிமீற்றராக இருந்து, 45 நானோமீற்றரில் 115 சதுர மில்லிமீற்றராயிற்று. அதனோடு 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்த மெலிந்த பொறி 299 டொலருக்கு விற்றது. அதன் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனினும், இவ்வாறு சுருக்கிக்கொண்டே செல்வதற்கு வேண்டிய முதலீட்டைச் சோனி தனியே தாங்க விரும்பவில்லை. செல் சில்லைச் செய்த நாகசாக்கித் தொழிற்சாலையின் சாதனங்களை 2008இல் சுமார் 9,000 கோடி யென் விலைக்குத் தோஷிபாவுக்கு விற்றது. சில ஆண்டுகளின் பின் திரும்ப வாங்கியபோது, அங்கு நிழற்படக் கருவிகளுக்கான ஒளியுணரிகளைச் செய்வதே நோக்கமாயிருந்தது. தன் பொறிக்குத் தானே சில்லுச் செய்த காலம் அத்துடன் முடிவுற்றது. அடுத்த தலைமுறையில் சோனியும் மைக்ரோசொஃப்டும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு, தாய்வானிலுள்ள ரி.எஸ்.எம்.சி. தொழிற்சாலைகளிற் சில்லுகளைச் செய்வித்தன.

2013ஆம் ஆண்டு நவெம்பரில் 399 டொலருக்கு வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, 28 நானோமீற்றர் சில்லைக் கொண்டிருந்தது. 2016இல் அது 16 நானோமீற்றராகச் சுருங்கியது, பெட்டி மெலிந்தது, விலை 299 டொலராயிற்று. அவ்விடத்திலேயே விலையிறக்கம் நின்றுவிட்டது. அதே 2016இல் சோனி, சுருங்கிய முறையைக் கொண்டு பிளேஸ்டேஷன் 4 புரோ என்னும் ஆற்றல் கூடிய பொறியை 399 டொலருக்கு வெளியிட்டது. ஆதாயத்தின் ஒரு பகுதி விலையைக் குறைப்பதை விட்டு, ஆற்றலைக் கூட்டி விற்பதற்குத் திரும்பியது. நின்டெண்டோ நிறுவனமோ 2019இல் தன் சுவிட்ச் பொறியின் சில்லை 20 நானோமீற்றரிலிருந்து 16 நானோமீற்றருக்கு இறக்கியபோது, விலையை மாற்றாமல் மின்கலத்தின் உழைப்பை நீட்டித்தது. முன்னர் இரண்டரை மணி முதல் ஆறரை மணி வரை இயங்கிய பொறி, பின்னர் நாலரை மணி முதல் ஒன்பது மணி வரை இயங்கிற்று. கையிற் கொண்டு செல்லும் பொறிக்கு இதுவும் தக்க பயனேயாம்.

2020ஆம் ஆண்டு நவெம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இன் சில்லு 7 நானோமீற்றர் முறையிலானது. 2022இல் அது 6 நானோமீற்றர் முறைக்கு மாறியது. பெட்டியின் எடையும் குறைந்தது. 2023இல் வந்த சிறிய பெட்டி முதற்பெட்டியிலும் 30 விழுக்காட்டுக்கு மேற் கனவளவு குறைந்தது. ஆயின் விலை குறையவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பா, யப்பான் முதலிய இடங்களில் அது உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 499 டொலருக்கு வெளிவந்த பொறி, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் 549 டொலராயிற்று. எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸும் அதே ஆண்டில் 499 டொலரிலிருந்து முதலில் 599 டொலருக்கும், ஒக்டோபரில் 649 டொலருக்கும் ஏறிற்று.

நான்கு பொறிகளின் விலைகளை ஒருங்கு வைத்துப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டொலரில் தொடங்கி 99 டொலரில் முடிந்தது. பிளேஸ்டேஷன் 3இன் மலிவான மாதிரி 499 டொலரில் தொடங்கி 199 டொலருக்கு இறங்கியது. பிளேஸ்டேஷன் 4, 399 டொலரிலிருந்து 299 டொலர்வரை மட்டுமே இறங்கியது. பிளேஸ்டேஷன் 5 தன் ஐந்தாம் ஆண்டில் வெளியீட்டு விலையையும் விஞ்சியது. கால் நூற்றாண்டிற் சில்லுத் தொழிலில் நிகழ்ந்த மாற்றத்தை இந்நான்கு வரிகளும் நமக்குக் காட்டுகின்றன.

பணவீக்கமும் இறக்குமதி வரிகளும் இவ்வுயர்வுக்குத் துணைக் காரணங்கள் என்பது மெய்யே. ஆயினும், முன்னைய காலத்தில் அத்தகைய சுமைகளைச் சில்லின் சுருக்கம் ஈடுசெய்து வந்தது. அவ்வீடு இப்போது மெலிந்துவிட்டது. நுண்ணிய முறைகளிற் சுற்றுக்களைப் பதிப்பதற்கு மிகக் குறுகிய அலைநீளமுடைய ஒளி வேண்டும். அதற்கான பொறிகளை நெதர்லாந்திலுள்ள ஏ.எஸ்.எம்.எல். என்னும் ஒரே நிறுவனமே செய்கின்றது. அவற்றின் விலையோ பெரிது. பதிக்க வேண்டிய அடுக்குக்களும் பெருகிவிட்டன. ஒவ்வொரு புதிய முறையிலும் தகட்டின் விலை ஏறுவதால், ஒரு தகட்டில் அதிக சில்லுகள் கிடைத்தும் ஒவ்வொன்றின் விலை முன்போல் இறங்குவதில்லை. மேலும், சில்லின் நினைவகப் பகுதிகள் மற்றப் பகுதிகளைப்போற் சுருங்க மறுக்கின்றன. ஏழு என்றும் ஆறு என்றும் ஐந்து என்றும் கூறப்படும் நானோமீற்றர் எண்களும் இன்று உண்மையான நீள அளவுகளாக இல்லாது, முறைகளின் பெயர்களாகவே வழங்குகின்றன.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம்மவர் பழமொழி. விளையாட்டுப் பொறிகளின் உலகில் அது நெடுங்காலம் மெய்யாயிற்று. வெளியான ஆண்டில் வாங்க இயலாத தந்தை மூன்றாண்டு பொறுத்தால், அதே பொறியைக் குறைந்த விலைக்கு, குளிர்ந்த நிலையில், சிறிய பெட்டியாக வாங்கித் தம் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்தது. அவர் பெற்றது முதலில் வாங்கியவர் பெற்றதிலும் தாழ்ந்ததன்று. பல வேளைகளில் அதனினும் உறுதியானது. செல்வர் முதலிற் கொடுத்த பெரும்விலை வழி திறக்க, மற்றையோர் பின்னே வந்து அதே இன்பத்தை எய்தினர். பொறியியலின் பயன் இவ்வாறு பரவலாகப் பங்கிடப்பட்டது.

இப்பங்கீடு சட்டத்தால் வந்ததன்று. எவருடைய கொடையாலும் வந்ததன்று. நுண்ணிய சுற்று மலிவான சுற்றாகவும் இருந்த ஒரு காலத்தின் பேறு அது. நுண்மையும் மலிவும் பிரிந்து செல்லும் இக்காலத்திற் பொறுமைக்கு அத்தகைய பரிசு தானாகக் கிடைப்பதில்லை. இனிப் பொறியை எளியோர்க்கு எட்டச் செய்ய விழைவோர், சில்லுத் தொழில் தமக்காக அவ்வேலையைச் செய்து முடிக்கும் என்று காத்திராமல், தொடக்கத்திலேயே சிறிய சில்லையும் எளிய அமைப்பையும் திட்டமிட வேண்டியவராகின்றனர். 2020இல் மைக்ரோசொஃப்ட் பெரியதொரு பொறியோடு 299 டொலர் விலையில் சிறியதொரு பொறியையும் ஒருங்கே வெளியிட்டமை அத்தகைய முயற்சியின் தொடக்கமாகும். அச்சிறிய பொறியின் விலையும் 2025இல் ஏறியது என்பதையும் நாம் மறத்தலாகாது.